நாலாவது ஆள்

எங்கள் வீட்டில் மூன்று பேராக நின்று யாரும் போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்றைக்கும் ஆபீஸில் யாராவது செல்ஃபிக்குக் கூப்பிட்டு, எண்ணிப் பார்த்தால் மூன்று பேர்தான் என்றால், போகிற வருகிற ஒருவரை இழுத்து நிறுத்திவிடுவேன். ஒருமுறை தண்ணீர் கேன் போட வந்தவர் மாட்டினார். அவரும் தோளில் கேனோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். படித்த பெண் இப்படியா என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அவர்களில் ஒருவரும் ஒன்பது வயதில் குடும்ப ஆல்பம் அடுக்கியதில்லை.

அப்போது நாங்கள் ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் ஒரே பிள்ளை. அந்த வருஷத்து மழையில் பீரோ மேல் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, பழைய ஆல்பங்கள் ஊறிப்போயின. அதே மாதம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பில் ரத்தம் போதாது, ஏற்றிவிட்டுத்தான் ஆபரேஷன் என்றார் அப்பா. வார்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விட மாட்டார்கள். அரைப்பரீட்சை லீவு வேறு. அம்மா எப்போது வருவாள், அம்மா எப்போது வருவாள் என்று நான் எல்லாரையும் நச்சரித்ததில், இவளுக்கு ஏதாவது வேலை கொடுத்து உட்கார வைத்தால் போதும் என்று ஆகியிருக்க வேண்டும். அப்பா பிளாஸ்டிக் உறை போட்ட புது ஆல்பங்கள் இரண்டு வாங்கி வந்தார். என்னைப் பார்த்துக்கொள்ளத் திருவொற்றியூரிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, மேற்பார்வை பார்த்தாள்.

போட்டோக்களைப் பழைய அட்டையிலிருந்து உரித்து, தரையில் பரப்பி, ஃபேனைப் போட்டுக் காயவைத்தோம். துறைமுகத்து நிலக்கரித் தூள் எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் பங்கு கேட்கும். காயப்போட்ட துணி, குடத்துத் தண்ணீர், வடித்த சோறு, எதையும் விடாது. ஈரத்தோடு சேர்ந்து போட்டோக்களின் மேலும் கறுப்பாகப் படிந்திருந்தது. பஞ்சை நனைத்து ஒத்தி ஒத்தி எடுத்தால் முதலில் ஒரு நெற்றி வரும், பிறகு ஒரு கண் வரும், அப்புறம் ஓர் ஆள் முழுசாக வந்து என்னைப் பார்ப்பார். இது யார் என்று அத்தையைக் கேட்பேன். பாதிப் பேருக்கு, "அவரு போய்ட்டாரு" என்பதுதான் பதில்.

அடுக்குவதற்கு அத்தை ஒரு முறை வைத்திருந்தாள். போனவர்கள் முதலில். பிறகு கல்யாணங்கள், ஞானஸ்நானங்கள், முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைகள். கடைசியில் நான். ஏன் போனவர்கள் முதலில் என்று கேட்டேன்.

"அவங்கள பின்னால போட்டா, அங்கருந்து நம்மள பாத்துகினே இருப்பாங்க. மொதல்ல போட்டு மூடிட்டா அவங்க பாட்டுக்குக் கீறாங்க" என்றாள்.

போனவர்களின் படத்துக்குப் பின்னால் பென்சிலால் ஒரு சிறு சிலுவை போட வேண்டும். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆசையில் உயிரோடு இருந்த இரண்டு பேருக்கும் போட்டுவிட்டு, அத்தை பார்ப்பதற்குள் அழித்தேன்.

மூன்றாம் நாள்தான் பொம்மையைக் கவனித்தேன். கைக்குழந்தை அளவு பிளாஸ்டிக் பொம்மை. செம்பட்டை முடி, நீலக் கண், லேஸ் வைத்த கவுன். ஒரு படத்தில் முறுக்கு மீசை வைத்த ஒரு பெரிய மனிதரின் மடியில் உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் புது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அவள் தங்கைக்கும் நடுவில் ஸ்டூலில் நின்றது. மனிதர்களுக்கு மட்டும் படத்துக்குப் படம் வயதாகிக்கொண்டே போனது. மீசை நரைத்தது, மாப்பிள்ளைக்கு வழுக்கை விழுந்தது. பொம்மை அதே கவுனில், அதே கண்ணை விழித்துக்கொண்டு இருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அது மட்டும் நேராக என்னைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பொம்மை இருந்த படங்களையெல்லாம் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

அத்தை சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அது ஸ்டூடியோக்காரருடைய பொம்மை. மார்க்கெட் பக்கம் அவர் ஸ்டூடியோ இருந்தவரை எங்கள் சந்தில் எல்லா வீட்டுப் படமும் அவர்தான் எடுத்தார்.

"மூணு பேரா நின்னா நடுவுல கீறவங்கள கூப்ட்டுக்கும். அதுக்குத்தான் அவரு பொம்ம வெச்சிகினு இருந்தாரு. அத்த சேத்துகினா நாலு ஆயிடுச்சா?"

"எது கூப்ட்டுக்கும், அத்தே?"

"கூப்ட்டுக்கும்னா கூப்ட்டுக்கும். பேசாம தொட. சாமியாராண்ட போய் இத்தல்லாம் சொல்லிகினு இருக்காத."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் வரிசையில் முக்காடு போட்டு நிற்பவள் அத்தை. அவளுக்கு இரண்டு பக்கமும் வேண்டும். நான் நம்பாததைப் பார்த்து ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். காசிமேட்டில் ஒரு மீன்பிடி லாஞ்சின் முன்னால் மூன்று ஆண்கள் தோள்மேல் கை போட்டு நிற்கிறார்கள். நடுவில் பெரியப்பா. பொம்மை இல்லை, ஏனென்றால் அது ஸ்டூடியோவில் எடுத்த படம் இல்லை. அந்தப் படம் எடுத்து இரண்டே மாதத்தில் கடலுக்குப் போன பெரியப்பா திரும்பவில்லை. ஓரத்தில் நின்ற இரண்டு பேரும் இன்னும் வலை இழுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள் என்றாள் அத்தை, அது அவர்கள் செய்த குற்றம் போல.

நான் மீதிப் படங்களை எண்ண ஆரம்பித்தேன். கணக்கில் நான் எப்போதும் கெட்டி. மூன்று பேர் இருந்த எல்லாப் படத்திலும் பொம்மை இருந்தது, ஒரே ஒரு படத்தைத் தவிர. அது ஸ்டூடியோப் படம்தான். பின்னால் பூந்தோட்டம் வரைந்த திரை. இடதுபக்கம் அப்பா, வலதுபக்கம் அத்தை, நடுவில் நாற்காலியில் அம்மா. தேர்த் திருவிழாவன்று எடுத்தது, நான் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால். அம்மா புதுப் புடவையில், இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் எதுவும் இல்லை.

இதில் ஏன் பொம்மை இல்லை என்று கேட்டேன். அத்தை படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"உங்கம்மா வாணாம்னுட்டா. அவரு மடில வெச்சாரு. இவ எட்த்து கீய வெச்சிட்டா. மறுபடி வெச்சாரு. மறுபடி எட்த்து வெச்சிட்டா" என்றாள். பிறகு அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் எதுவும் இல்லை.

நடுவில் அம்மா, ஆஸ்பத்திரியிலும் அம்மா. பெரியப்பாவை இரண்டு மாதத்தில் கூப்பிட்டது, அம்மாவை ஏன் பத்து வருஷம் கழித்துக் கூப்பிட வேண்டும் என்றுகூட யோசித்தேன். பத்து வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும், அம்மா காதில் இப்போதுதான் விழுந்திருக்கிறது என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது இன்னும் சத்தமாகக் கூப்பிடும் என்று பட்டது.

அந்தப் படத்தை மட்டும் தனியாக ஜன்னல் திண்டில் வைத்து, காலையும் மாலையும் துடைத்தேன். மறுநாள் சாயங்காலம் பார்த்தபோது அப்பா முகமும் அத்தை முகமும் சுத்தமாக இருந்தன. அம்மாவின் முகம் மட்டும் கறுத்திருந்தது. ஜன்னல் கம்பி வழியாகத் தூள் வந்து விழுந்த இடம் அது, இன்றைக்குச் சொல்லிவிடலாம். அன்றைக்கு நான் பஞ்சைத் தேடி ஓடினேன். துடைத்ததும் நெற்றி வந்தது, வாய் வந்தது, கண்கள் வருவதற்கு ரொம்ப நேரம் ஆனது. அன்று ராத்திரி வந்த அப்பா, அம்மாவுக்குக் காய்ச்சல், ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று சொன்னார். சாப்பிடாமலேயே படுத்துவிட்டார்.

அம்மா அருகே நாலாவது ஆள் ஒருவரைக் கொண்டுவர வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். பொம்மையை வேறு படத்திலிருந்து வெட்டி எடுக்கலாம், ஆனால் வெட்டினால் அந்தப் படத்தில் மூன்று பேர் ஆகிவிடுவார்கள். அம்மாவைக் காப்பாற்ற இன்னொருவரைக் கொல்வது பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டிய விஷயம். அதோடு, அந்தக் கண்களை அம்மா மடியில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, இன்றைக்கே ஆபரேஷன். அத்தை என்னைக் கீழ்வீட்டு அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கிளம்பினாள். நான் மாடிக்கு ஏறி வந்து டிரங்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அடியில் விரித்திருந்த பழைய பேப்பருக்குக் கீழே, பிளாஸ்டிக் பைக்குள், அம்மாவின் கைக்குட்டையில் சுற்றி, ஸ்டூடியோக் கவர் ஒன்று இருந்தது. மழைத் தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்திருந்தது, அதைத் தொடவில்லை.

உள்ளே ஒரே ஒரு படம். எங்கள் வீட்டிலேயே எடுத்தது. அதே சுவர், அதே ஆணி. பெஞ்சில் அம்மா, பக்கத்தில் நிற்கும் அப்பா. இரண்டு பக்கமும் மெழுகுவத்தி எரிகிறது. அம்மாவின் மடியில் பொம்மை படுத்திருக்கிறது. பழைய லேஸ் கவுன் இல்லை, பாதம்வரை மூடும் வெள்ளைக் கவுன். தலையில் காகிதப் பூவால் செய்த முடி, கிரீடம் போல. கிறிஸ்துமஸுக்காக ஜோடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கண்கள் மூடியிருந்தன. அதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கீழ்வீட்டுப் பெண்ணிடம் அப்படி ஒரு பொம்மை இருந்தது. நிமிர்த்தினால் விழிக்கும், படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். மற்ற படங்களில் யாரும் பொம்மையைப் பார்ப்பதில்லை, இதில் அம்மா அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மட்டும்தான் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது.

எனக்குக் கணக்கு சட்டென்று விளங்கியது. இந்தப் படத்தில் இருப்பது இரண்டு பேர். பொம்மையோடு சேர்த்தால் மூன்று, அப்பாவுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது மறுபடியும் அம்மா. ஆகவே இங்கேயிருந்து எடுத்துவிட்டால் இங்கே இரண்டு, அங்கே வைத்தால் அங்கே நாலு. இரண்டு இடத்திலும் அம்மா பிழைத்துக்கொள்வாள். இதைக்கூட யோசிக்காமல் பெரியவர்கள் எப்படி இத்தனை வருஷம் விட்டுவைத்தார்கள் என்று கோபமே வந்தது.

அப்பாவின் மீசை வெட்டும் கத்தரியை எடுத்தேன். கவுனையும் தலையையும் வெட்டுவது சுலபமாக இருந்தது. கைகள்தான் கஷ்டம். ஒரு கை மார்மேல் இருந்தது, இன்னொன்று அம்மாவின் புடவைமேல் விரிந்து கிடந்தது. ஒவ்வொரு விரலாகச் சுற்றி வந்தேன். அவ்வளவு சின்ன விரலுக்கும் நகம் வைத்துச் செய்திருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. மற்ற படங்களில் பொம்மையின் விரல்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். சந்தில் கன்டெய்னர் லாரி ஒன்று வழிதவறி நுழைந்து வீடு அதிர்ந்தது. கை நழுவி, சுண்டுவிரலின் நுனி மட்டும் புடவையோடு நின்றுவிட்டது.

பானையிலிருந்து நாலு பருக்கை எடுத்து நசுக்கிப் பசை பண்ணி, ஸ்டூடியோப் படத்தில் அம்மாவின் கைகளுக்கு மேலே ஒட்டினேன். அளவு சரியாக இருந்தது. அவ்வளவு சரியாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. மலர்த்தி வைத்திருந்த இரண்டு கைகளும் பத்து வருஷமாக அதற்காகவே காத்திருந்தவை போல இருந்தன. படத்தை ஆல்பத்து உறைக்குள் செருகி, ஓட்டை விழுந்த படத்தைப் பழையபடி கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டு, கீழே போய் அக்கா வீட்டில் டி.வி. பார்த்தேன்.

சாயங்காலம் அப்பாவும் அத்தையும் சேர்ந்து வந்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள், அம்மா கண் விழித்துவிட்டாள் என்றார் அப்பா. அத்தை மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். நான் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அத்தை ஆல்பத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பியதும் அவள் கை நின்றது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுவரை அத்தையிடம் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

"இத்த எங்கருந்து எட்த்த?"

நான் என் கணக்கைச் சொன்னேன். இங்கே இரண்டு, அங்கே நாலு. அத்தை என்னை அடிக்கவில்லை. ஒட்டின இடத்தின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பிப் பார்த்தாள். கவுனின் விளிம்பு பிய்ந்து வர ஆரம்பித்ததும் சூடு பட்டது போலக் கையை எடுத்துக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டாள்.

அது பொம்மை இல்லை. எனக்கு இரண்டு வருஷம் முன்னால் பிறந்து, எட்டு நாள் இருந்த என் அண்ணன். எங்களில் செத்த கைக்குழந்தையைச் சம்மனசு என்பார்கள். வெள்ளைக் கவுன் போட்டு, பூமுடி வைத்து அனுப்புவார்கள். அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன் ஸ்டூடியோக்காரரை வீட்டுக்குக் கூட்டி வந்து எடுத்த படம் அது. எட்டு நாள் பிள்ளையை உயிரோடு யாரும் படம் எடுத்திருக்கவில்லை, ஆகவே அவனுக்கென்று உலகத்தில் இருந்த படம் அது ஒன்றுதான். மறுவருஷம் திருவிழாவில் அதே ஸ்டூடியோக்காரர் அதே மடியில் பொம்மையை வைத்தபோது அம்மா எடுத்துக் கீழே வைத்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பதினாலு வயதில்தான் சொல்லப்பட்டது.

அப்பா வந்து பார்த்தார். ஆல்பத்தை ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிக்காத. இருக்கறதும் பூடும்" என்றார் அத்தையிடம். "அவ கண்ல மட்டும் படவாணாம். ஒடம்பு தேறட்டும்."

ஆல்பம் பீரோவின் மேல் ஏறியது. அம்மா கேட்டால் இன்னும் முடியவில்லை என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. உயிரைக் காப்பாற்றியவளை இப்படியா நடத்துவது என்று எனக்குப் பொறுக்கவில்லை.

லீவு முடிகிற சமயம் அம்மா வந்தாள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். பாதியாகியிருந்தாள். மறுநாள் அப்பா வேலைக்குப் போய், அத்தை கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, லீவில் என்ன பண்ணினாய் என்று அம்மா என்னைக் கேட்டாள். அவ்வளவுதான். நாற்காலி போட்டு ஏறி ஆல்பத்தை இறக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அம்மா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். போனவர்கள் போனார்கள், கல்யாணங்கள் போயின. அந்தப் பக்கம் வந்தது. அம்மா உறைக்குள்ளிருந்து படத்தை உருவி, அந்த மூடிய கண்களின்மேல் ஒரு விரலை வைத்தாள்.

"யாரு ஒட்னது இத்த?"

"நான்தாம்மா. நீ அன்னிக்கி பொம்மைய வாணாம்னுட்டியாம். அதான் ஒனக்கு ஒடம்புக்கு வந்துச்சு. இப்ப நாலு பேரு ஆயிடுச்சு."

அம்மா என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

"நல்லா ஒட்னியா? கீய வுயுந்துடாதே?"

"சோத்துப் பசைம்மா. வுயாது."

"மீதி எங்க?"

ஓடிப்போய்க் கைக்குட்டையைக் கொண்டுவந்தேன். அம்மா பிரித்து, ஓட்டை விழுந்த படத்தை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். மடி இருந்த இடத்தில் ஓட்டை, ஓட்டை வழியாக அவளுடைய உள்ளங்கை தெரிந்தது. ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தவள், புடவைமேல் ஓர் இடத்தில் நின்றாள். அரிசியில் பாதிகூட இருக்காது, அந்த நுனி.

"தோ, இங்க கொஞ்சம் கீது" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவ்வளவு கவனமாக வெட்டியும் அம்மா தப்பைக் கண்டுபிடித்துவிட்டாளே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"லாரி வந்துச்சும்மா, அதான். அட்த்த வாட்டி ஒய்ங்கா வெட்றேன்."

அம்மா என் தலையை இழுத்து, தையல் இல்லாத பக்கமாகத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். அவள் உடம்பு முழுக்கக் குலுங்கியது. தையல் வலிக்கிறது போலிருக்கிறது என்று பயந்து, பிடியை விடுவித்துக்கொண்டு அத்தையைக் கூப்பிடக் கீழே ஓடினேன்.